முதல் ஜெட் ஸ்கீ வாங்கப் போறீங்களா? எச்பி-க்கு முன்னாடி பார்க்க வேண்டியவை

புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் தெற்கே வந்தால் நோணாங்குப்பம் பாலம், அதைத் தாண்டியதும் தவளக்குப்பம் சந்திப்பு. அங்கே கிழக்குப் பக்கம் திரும்பினால் நல்லவாடு, பூரணாங்குப்பம், புதுக்குப்பம் என்று வரிசையாகக் கடலோர ஊர்கள். வார இறுதியில் சென்னை, பெங்களூரு பதிவெண் கார்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பது இப்போது சகஜம். கோவாவிலோ வேறு எங்கோ பத்து நிமிஷம் வாட்டர் ஸ்கூட்டரில் போய்வந்த பலருக்கும் இங்கே வந்ததும் ஒரே யோசனை: "சொந்தமா ஒண்ணு வாங்கினா என்ன?"

வாங்கலாம். ஆனால் பெரும்பாலானவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "எத்தனை எச்பி? டாப் ஸ்பீடு என்ன?" இந்தக் கடற்கரையில் அது நான்காவது கேள்விதான். அதற்கு முன்னால் மூன்று இருக்கின்றன. வண்டியை எங்கே தண்ணீரில் இறக்குவீங்க? நடுக்கடலில் விழுந்தா எப்படித் திரும்ப ஏறுவீங்க? கரைக்கு வந்ததும் உப்பை எங்கே, எப்படிக் கழுவுவீங்க? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் எந்த மாடல் என்பது கிட்டத்தட்ட தானாகவே முடிவாகிவிடும்.

முதல்ல, இது எப்படி ஓடுது?

'ஜெட் ஸ்கீ' என்பது உண்மையில் கவாஸாகி நிறுவனத்தின் பிராண்டு பெயர். யமஹா தன் வண்டியை 'வேவ்ரன்னர்' என்கிறது. கனடாவின் பிஆர்பி நிறுவனம் 'சீ-டூ' என்கிறது. ஜெராக்ஸ் மாதிரி, ஒரு கம்பெனியின் பெயரே பொருளின் பெயராகிவிட்டது.

படகுக்கு இருப்பது போல வெளியே சுற்றும் விசிறி இதற்குக் கிடையாது. வண்டியின் அடியில் உள்ள சல்லடை வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, உள்ளே இருக்கும் இம்பெல்லர் அதைப் பின்பக்கக் குழாய் வழியாகப் பீய்ச்சுகிறது. அந்தப் பீய்ச்சல்தான் வண்டியைத் தள்ளுகிறது. அந்தக் குழாயை இடம் வலமாகத் திருப்புவதுதான் ஸ்டியரிங்.

புதிதாக ஓட்டுபவர்களைக் கவிழ்க்கும் விஷயமே இதில்தான் இருக்கிறது. த்ராட்டிலை விட்டால் பீய்ச்சல் நிற்கும். பீய்ச்சல் நின்றால் ஸ்டியரிங்கும் போச்சு. ஹேண்டிலை எவ்வளவு திருப்பினாலும் வண்டி போன திசையிலேயே வழுக்கிக்கொண்டு போகும். பைக் ஓட்டிப் பழகிய கை, எதிரே ஏதாவது வந்தால் முதலில் ஆக்ஸிலரேட்டரை விடும். கடலில் அதே பழக்கம் நேராகப் போய் மோத வைக்கும். விலகிப் போக வேண்டுமானால் கொஞ்சம் த்ராட்டில் கொடுத்துக்கொண்டே திருப்ப வேண்டும்.

அதனால்தான் முதல் வண்டியில் பிரேக்-ரிவர்ஸ் வசதி இருப்பது முக்கியம். சீ-டூவில் இதன் பெயர் ஐபிஆர், யமஹாவில் ரைடு. இடது கை லிவரை அழுத்தினால், பின்னால் ஒரு தடுப்பு இறங்கி நீரின் வேகத்தை முன்பக்கம் திருப்பிவிடும். எல்லா மாடலிலும் இது வருவதில்லை, குறிப்பாக விலை குறைந்த வேரியன்ட்களில். பட்ஜெட்டில் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டுமானால் கலர், ஸ்பீக்கரை விடுங்கள், இதை விடாதீர்கள்.

இந்தக் கடல் எப்படிப்பட்டது?

இணையத்தில் பார்க்கும் வீடியோக்களில் பாதி ஏரியிலோ, கண்ணாடி மாதிரி இருக்கும் வளைகுடாவிலோ எடுத்தவை. சோழமண்டலக் கரை அப்படி இல்லை. இங்கே வங்காள விரிகுடா நேராகக் கரையில் வந்து மோதுகிறது. பல இடங்களில் கரை சரிவாக இருப்பதால் அலை கடைசி சில மீட்டரில் எழுந்து 'டப்' என்று உடையும். மீனவர்கள் ஃபைபர் படகை அந்த அலையில் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். நாலைந்து பேர் சேர்ந்து, அலைக்கு அலை இடைவெளி பார்த்து, ஒரே நேரத்தில் தள்ளுவார்கள். அது பல வருஷப் பழக்கம். அதே இடத்தில் புதிதாக வாங்கிய 300 கிலோ வண்டியை இரண்டு நண்பர்களோடு இறக்கிப் பார்க்கலாம் என்று நினைப்பது வினை. பக்கவாட்டில் ஒரு அலை அடித்தால் வண்டிக்கும் மணலுக்கும் நடுவில் மாட்டுவது உங்கள் கால்.

இன்னொரு பக்கம் சுண்ணாம்பாறு. செஞ்சியாறு என்கிற சங்கராபரணியின் கிளை இது. நோணாங்குப்பத்தில் புதுச்சேரி சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு குழாம் இருப்பது இதன் கரையில்தான். உள்ளே அமைதியான நீர். ஆனால் கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மணல் திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். போன மாதம் ஆழமாக இருந்த இடத்தில் இந்த மாதம் முழங்கால் தண்ணீர் இருக்கலாம். ஆழம் குறைந்த இடத்தில் வண்டியின் அடிச் சல்லடை மணலை உறிஞ்சினால் இம்பெல்லரும் அதைச் சுற்றியுள்ள வளையமும் தேயும். ஆழம் இடுப்பளவுக்குக் குறையும்போது இன்ஜினை அணைத்துவிடுவது நல்ல பழக்கம்.

காற்றையும் கவனிக்க வேண்டும். கோடையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறி, காலையில் சமமாக இருந்த நீர் சொரசொரப்பாகிவிடும். தென்மேற்குப் பருவத்தில் காலையில் மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும்போது கரையோரம் ரொம்ப அமைதியாகத் தெரியும். அந்த அமைதியில்தான் சிக்கல் இருக்கிறது. அந்தக் காற்றில் இன்ஜின் நின்றால் வண்டி கரைக்கு வராது, கடலுக்குள் போகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவம். 2011-ல் தானே, 2024-ல் ஃபெஞ்சல் என்று புயல்கள் கரை கடந்த பகுதி இது. அந்த மாதங்களில் வண்டி ஷெட்டில் இருக்கட்டும்.

நல்லவாடு ஒலிபெருக்கி

கடலுக்குப் போகும் முன் தகவல் பார்ப்பது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராம அறிவு மையங்களை நடத்தியது. ஸ்மார்ட்போன் இல்லாத அந்தக் காலத்திலேயே, அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வரும் அலை உயரக் கணிப்பை எடுத்து வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்.

2004 டிசம்பர் 26 அன்று நல்லவாட்டில் நடந்தது அதன் உச்சம். சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் ஆழிப்பேரலைச் செய்தி தெரிந்து வீட்டுக்கு போன் செய்தார். ஊர்மக்கள் அறிவு மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். சுமார் 3,600 பேர் வாழ்ந்த ஊர் மேட்டுக்கு ஓடித் தப்பியது. படகுகள் போயின, உயிர்கள் மிஞ்சின.

இன்று அந்த ஒலிபெருக்கி உங்கள் பாக்கெட்டில் இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையம் தினமும் அலை உயரம், காற்று, நீரோட்டக் கணிப்புகளை வெளியிடுகிறது. அதன் 'சமுத்ரா' ஆப்பும், சுவாமிநாதன் நிறுவனத்தின் 'ஃபிஷர் ஃபிரண்ட்' ஆப்பும் இலவசம். அதில் வரும் அலை உயரத்தைப் படிக்க ஒரு சின்ன நுணுக்கம் உண்டு. 'ஒரு மீட்டர்' என்றால் எல்லா அலையும் ஒரு மீட்டர் என்று அர்த்தமில்லை. வரும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரிதான் அது. எப்போதாவது ஒன்று அதைப் போல இரண்டு மடங்குக்குப் பக்கத்திலும் வரும். முதல் சீசனில் அரை மீட்டரைத் தாண்டினால் கடலுக்கு வேண்டாம் என்று வைத்துக்கொள்ளலாம்.

'கள்ளக்கடல்' எச்சரிக்கை வந்தால் பேச்சே இல்லை. எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் அடித்த புயல் காற்றால் கிளம்பும் நீள அலை அது. இங்கே காற்றே இல்லாத நாளிலும் திடீரென்று வரும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தபோது அந்த எச்சரிக்கை அமலில் இருந்தது.

சரி, எந்த வண்டி?

மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

சின்னது: சீ-டூ ஸ்பார்க் இதற்கு உதாரணம். 899 சிசி இன்ஜின், 60 அல்லது 90 எச்பி, எடை 200 கிலோவை ஒட்டி, பெட்ரோல் டேங்க் 30 லிட்டர். நாலு பேர் சேர்ந்தால் மணலில் நகர்த்திவிடலாம். ஆற்றில் ஜாலியாக இருக்கும். ஆனால் கடல் கொஞ்சம் சொரசொரத்தாலும் ஒவ்வொரு அலையும் முதுகில் தெரியும். பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் நிற்கும்போது ஆடும். விழுந்தவர் திரும்ப ஏறுவதும் கஷ்டம்.

நடுத்தரம்: யமஹா இஎக்ஸ் 1,049 சிசி, மூன்று சிலிண்டர், 50 லிட்டர் டேங்க். அதைவிடக் கொஞ்சம் நீளமானவை யமஹா விஎக்ஸ், சீ-டூ ஜிடிஐ 130. நீளம் சுமார் 3.3 மீட்டர், டேங்க் 70 லிட்டர். கவாஸாகி எஸ்டிஎக்ஸ் 160-ல் 1,498 சிசி, 160 எச்பி. பெட்ரோல் நிரப்பினால் எடை 400 கிலோ அளவுக்கு வரும். நீளமும் எடையும் கூடக்கூட வண்டி அலையை வெட்டிக்கொண்டு போகும், தூக்கிப் போடாது.

பெரியது: சூப்பர்சார்ஜர் வைத்த 300 எச்பி ராட்சசர்கள். கவாஸாகி அல்ட்ரா 310 மாதிரி. முதல் வண்டியாக இது வேண்டவே வேண்டாம். வேகம் ஒரு காரணம். பெட்ரோல் செலவும் சர்வீஸ் செலவும் இன்னொரு காரணம்.

நம் கடலுக்கு முதல் வண்டி என்றால் நடுத்தரத்தில், சூப்பர்சார்ஜர் இல்லாத, மூன்று பேர் உட்காரும் சீட்டும் பின்னால் மடக்கு ஏணியும் உள்ள ஒன்றுதான் பொருத்தம். மூன்று பேர் போவதற்காக அல்ல. இரண்டு பேர் போகும்போது ஆடாமல் இருப்பதற்காக.

இங்கே ஒரு முடிச்சு விழுகிறது. கடலுக்கு ஏற்ற எடையுள்ள வண்டியை மணலில் கையால் இறக்க முடியாது. கையால் இறக்கும் எடையுள்ள வண்டி கடலுக்கு ஏற்றதாக இல்லை. இதை அவிழ்க்க ஒரே வழி, அமைதியான நீரில் இறக்கும் சாய்தளம். அப்படி ஒரு இடத்தில் அனுமதியோடு இறக்க வழி கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் வாடகைக்கு ஓட்டுவதே லாபம். இதை ஷோரூமில் யாரும் கேட்க மாட்டார்கள். அட்வான்ஸ் கட்டும் முன் நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விழுந்தா என்ன செய்யணும்?

விழுவீர்கள். அதில் சந்தேகம் வேண்டாம். கையிலோ ஜாக்கெட்டிலோ மாட்டும் சுருள் கயிறுதான் கில் ஸ்விட்ச். அது இல்லாமல் விழுந்தால் நீங்கள் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். அதை மாட்டாமல் இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

கவிழ்ந்த வண்டியை எந்தப் பக்கம் புரட்ட வேண்டும் என்று பின்பக்க ஸ்டிக்கரில் அம்புக்குறி இருக்கும். மாற்றிப் புரட்டினால் எக்ஸாஸ்டில் தேங்கிய தண்ணீர் இன்ஜினுக்குள் போகலாம். ஏறுவது எப்போதும் பின்பக்கமாக, இன்ஜின் நின்ற பிறகு மட்டும்.

பலருக்குத் தெரியாத ஒரு ஆபத்து: பின்சீட்டில் இருப்பவர் பின்னால் வழுக்கி விழும்போது, பீய்ச்சும் நீர் உடலின் கீழ்த் துவாரங்கள் வழியாக உள்ளே புகுந்து குடல்வரை கிழித்துவிடக்கூடும். வண்டியிலேயே இந்த எச்சரிக்கை ஒட்டப்பட்டிருக்கும். சாதாரண ஷார்ட்ஸ், நீச்சலுடை இதைத் தடுக்காது. தடிமனான நியோப்ரீன் பேன்ட் ஓட்டுபவருக்கும் பின்னால் உட்காருபவருக்கும் அவசியம். லைஃப் ஜாக்கெட் சொல்லவே வேண்டாம்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை: டெமோ கேட்கும்போது வேகமாக ஓட்டிப் பார்ப்பதை விட, ஆழமான நீரில் ஜாக்கெட்டோடு குதித்து, உதவியில்லாமல் மூன்று முறை ஏறிப் பாருங்கள். மூன்றாவது முறை கை நடுங்கினால் அந்த மாடல் உங்களுக்கானது அல்ல.

உப்புதான் உண்மையான எதிரி

சீ-டூவின் ரோட்டாக்ஸ் இன்ஜினில் கார் மாதிரி மூடிய கூலிங். கூலன்ட் உள்ளேயே சுற்றும். யமஹா, கவாஸாகியில் கடல்நீரே இன்ஜினுக்குள் ஓடிக் குளிர்விக்கும். எளிமையான அமைப்புதான், ஆனால் உப்பு உள்ளே தங்கும். எந்த வண்டியாக இருந்தாலும் எக்ஸாஸ்ட் பகுதிக்குள் கடல்நீர் போவதால், ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும்.

இதில் வரிசை முக்கியம். முதலில் இன்ஜினை ஸ்டார்ட் செய்து, பிறகு குழாயைத் திறக்க வேண்டும். முடிக்கும்போது முதலில் குழாயை மூடி, பிறகு இன்ஜினை அணைக்க வேண்டும். இன்ஜின் ஓடாத நேரத்தில் தண்ணீர் விட்டால் அது சிலிண்டருக்குள் ஏறிவிடலாம். தண்ணீரே இல்லாமல் கரையில் ஓடவிட்டால் சில விநாடிகளிலேயே சூடு ஏறி ரப்பர் பாகங்கள் கருகும்.

இன்னொன்று, போர் தண்ணீர். கடலோர ஊர்களில் சில கிணறுகளே உப்பு கரிக்கும். அதில் கழுவினால் கழுவாத மாதிரிதான்.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் மீட்டரில் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதை மட்டும் பார்க்கக் கூடாது. சீட்டைத் தூக்கி போல்ட், கிளாம்ப், வயர் முனைகளில் பச்சை, வெள்ளைப் பூப்பு இருக்கிறதா பாருங்கள். எல்லா சிலிண்டரிலும் கம்ப்ரஷன் ஒரே அளவில் இருக்கிறதா என்று மெக்கானிக்கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீரில் ஓட்டாமல் பணம் கொடுக்காதீர்கள். கடற்கரையில் வாடகைக்கு ஓடிய வண்டி என்றால் இரண்டு முறை யோசியுங்கள்.

கடல் காலியாக இல்லை

உங்களுக்கு அது விளையாட்டு மைதானம். நல்லவாட்டுக்காரருக்கு அது வயல். 2021 ஆகஸ்டில் நல்லவாடு, வீராம்பட்டினம் மீனவர்களுக்கு இடையே சுருக்குமடி வலை தொடர்பாக மோதல் வெடித்து, போலீஸார் வானத்தை நோக்கிச் சுடும் அளவுக்குப் போனது. கரையோர மீன் யாருக்கு என்பது இங்கே அவ்வளவு கூர்மையான விஷயம். அதற்கு நடுவில் ஜெட் ஸ்கீயோடு போய் வலையைக் கிழித்தால் அது ஒரு குடும்பத்தின் பிழைப்பு.

கொடி, மிதவை தெரிந்தால் அங்கே வலை கிடக்கிறது என்று அர்த்தம். நன்றாக விலகிப் போங்கள். கயிறை இம்பெல்லர் உறிஞ்சினால் உங்களுக்கும் நஷ்டம்தான், வண்டி அங்கேயே நின்றுவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் போகாதே தவிர, சிறு படகுகள் கரையோரம் இருக்கும். போகும் முன் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்பது மரியாதை மட்டுமல்ல, பாதுகாப்பும்கூட. இன்ஜின் நின்றால் உங்களை முதலில் பார்க்கப் போவது அவர்கள்தான்.

ஜனவரியிலிருந்து பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையை நெருங்கும் காலம். மூச்சு விட மேலே வரும்போது வேகமாக வரும் வண்டி மோதினால் ஓடு உடையும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் அது. நீலக்கொடிச் சான்று பெற்ற சின்ன வீராம்பட்டினம் ஈடன் கடற்கரை மாதிரி ஆட்கள் குளிக்கும் இடங்களின் பக்கமே போக வேண்டாம்.

சாலைப் பழக்கத்தில் ஒன்றை மாற்ற வேண்டும். நம் ஊரில் இடதுபக்கம் ஒதுங்குவோம். கடலில் எதிரெதிரே இரண்டு இயந்திரப் படகுகள் வந்தால் இருவருமே வலதுபக்கம் திரும்ப வேண்டும். அது சர்வதேச விதி.

பேப்பர் வேலை

ஜெட் ஸ்கீக்கு ஆர்டிஓ பதிவு இல்லை. ஆனால் அதை இழுத்துச் செல்லும் டிரெய்லர் மோட்டார் வாகனச் சட்டப்படி வாகனம்தான், அதற்குப் பதிவு வேண்டும். ஆறு, உப்பங்கழி போன்ற உள்நாட்டு நீரில் ஓடும் இயந்திரக் கலங்களுக்கு 2021-ம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி பதிவு உண்டு. கடலில் ஓட்ட, இறக்க என்னென்ன அனுமதி வேண்டும் என்பதைப் புதுச்சேரி துறைமுகத் துறையிடம் எழுத்தில் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

விலையிலும் கவனம். 2025 செப்டம்பர் 22 முதல் பொழுதுபோக்குக் கலங்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். இறக்குமதி வண்டிக்குச் சுங்க வரி தனி. ஆன்லைனில் டாலரில் பார்க்கும் விலையை ரூபாய்க்கு மாற்றிச் சந்தோஷப்பட வேண்டாம். டிரெய்லர், இன்ஷூரன்ஸ், நிறுத்த இடம், சர்வீஸ் எல்லாம் அதற்கு மேலே.

முதல் ஆறு மாசம் எப்படி?

கோவாவில் உள்ள தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் இந்த வகை வண்டிகளை ஓட்டப் பயிற்சி வகுப்பு நடத்துகிறது. வண்டி வாங்குவதற்கு முன்பே அதை முடித்துவிடுவது நல்லது. பிறகு சில வாரங்கள் அமைதியான நீரில் மட்டும், அனுமதியுள்ள இடத்தில்: த்ராட்டிலோடு விலகுவது, பிரேக் போடுவது, விழுந்து ஏறுவது. கடலுக்குப் போகும்போது இன்னொரு வண்டியோ படகோ துணைக்கு இருக்கட்டும். பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. நீர்புகாத உறையில் போன். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554, கடலோரப் பாதுகாப்புப் போலீஸ் எண் 1093. இரண்டையும் இப்போதே சேமித்துவிடுங்கள்.

எந்தப் பக்கம் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஃபைபர் படகில் போகிறவர்கள் வீட்டில் சொல்லாமல் கிளம்ப மாட்டார்கள். அந்தப் பழக்கத்துக்குச் செலவும் இல்லை, ஜிஎஸ்டியும் இல்லை.